கயிற்றின் மறுமுனையில் நாகம்மாள்

மலர்கொடிக்கு மீன் பிடிக்கும், நாகம்மாளையும் பிடிக்கும். ஆனால் மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால், நாகம்மாள் மீன்கூடையோடு வாசலில் வந்து நின்று சிரிக்கும் அந்தச் சிரிப்பு மட்டும் பிடிக்காது.

நாகம்மாள் மணல்திட்டுக்காரி. முத்துப்பேட்டைக் காயலை ஒட்டிய மீனவர் ஊர் அது. விடிவதற்குள் கிளம்பி, பஸ்ஸை விட்டு இறங்கி, மலர்கொடியின் ஊரான நாவல்கோட்டகம் முழுக்கத் தலையில் கூடையோடு நடந்தே மீன் விற்பாள். மலர்கொடி வீட்டு வாசலில்தான் கூடையை இறக்குவாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு ஊர்ச் செய்தியையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள்.

"என்ன மலரு, தோள்பட்டயெல்லாம் தேறிடுச்சா? போன வருசம் இழுத்த இழுப்புல எறங்கிப் போச்சுன்னியே?"

"அதெல்லாம் எப்பவோ தேறிடுச்சு. நீ செதிலச் சுத்தமா எடு."

"கேட்டேன், அவ்ளோதான். தை பொறக்கப் போவுதுல்ல."

காணும் பொங்கலன்று நாவல்கோட்டகத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். இந்தப் பக்கம் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடிப்பவள் மலர்கொடி. அந்தப் பக்கம் நாகம்மாள். மலர்கொடி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மணல்திட்டுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. மலர்கொடி சும்மா இருக்கிற ஆளுமில்லை. குத்தகை நிலத்தில் கணவன் பஞ்சநாதனுக்குச் சரிசமமாக நின்று வேலை பார்ப்பாள். நெல் மூட்டையைத் தனியாகப் புரட்டிவிடுவாள். இருந்தும் கயிற்றின் மறுமுனையில் நாகம்மாள் வந்து நின்றால், கொஞ்ச நேரத்தில் மைதானத்து மண் முழுக்க மலர்கொடியின் முழங்காலில் இருக்கும்.

இந்த வருடம் போட்டிக்கு முன்பே ஓர் இடி விழுந்தது. அணியில் மூன்றாவதாக நிற்கும் குந்தவை முழுகாமல் இருந்தாள்.

"நல்ல சேதிதான்டி, யாரு இல்லைன்னா? ஆனா ஒரு மாசம் தள்ளி வந்திருக்கக் கூடாதா?" என்று மலர்கொடி அங்கலாய்த்தபோது குந்தவை வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஊரில் இருந்த மற்ற பெண்களில் பாதிப் பேர் "எனக்கு இடுப்பு வலி" என்றார்கள். மீதிப் பேர் "எங்க வீட்டுல விடமாட்டாங்க" என்றார்கள். கடைசியில் மலர்கொடியின் பார்வை அவள் வீட்டு மாடியில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவள் ஜீவிதா. மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவள், சொந்த ஊர் திருப்பனந்தாள் பக்கம். கணவன் பிரபு சிங்கப்பூரில் வேலை. ஜீவிதா நல்ல பெண். ஆனால் கண்ணாடி, கைப்பை, குடை, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்குள் நடுவில் ஒருமுறை நின்றுவிடுவாள்.

"அக்கா, நானா? கயிறா? எனக்குத் தண்ணிக் கேன் தூக்குனாலே கை நடுங்கும்."

"நீங்க இழுக்கவே வேணாம் டீச்சர். கயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னா போதும். எட்டுப் பேரு கணக்கு வேணும்ல?"

சும்மா நிற்பதென்றால் நிற்கலாமே என்று ஜீவிதாவும் ஒப்புக்கொண்டாள்.

முதல் பயிற்சி மலர்கொடி வீட்டுக் கொல்லையில் நடந்தது. தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். மலர்கொடி "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுத்ததும் எட்டுப் பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். கடைசியில் நின்ற அம்சம் ஊரிலேயே கனமான ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எருமை கன்றைத் தேடுவது போல் ஓர் ஓசை எழுப்புவாள். தென்னை மட்டைகள் ஆடின. ஒரு பன்னாடை விழுந்தது. அவ்வளவுதான், ஒவ்வொருத்தியாகக் கையைத் தளரவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜீவிதா மட்டும் நின்றுகொண்டு கையிலிருந்த போனைப் பார்த்தாள். சும்மா நிற்கச் சொன்னதால் அவள் ஒரு கையில் கயிறும் மறு கையில் போனுமாக நேரத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, வருசா வருசம் எப்படித் தோப்பீங்க?"

கொல்லையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் இதுவரை நேராகக் கேட்டதில்லை.

"எப்படின்னா?" என்றாள் மலர்கொடி. "விசில் ஊதுனதும் உசிரக் கொடுத்து இழுப்போம். கயித்து நடுவுல கட்டுன துணி கொஞ்சம் எங்க பக்கம் வரும். ஊரே கத்தும். அப்பறம் என்ன ஆவுதுன்னே தெரியாது. கையும் காலும் வாழத்தண்டாப் போயிடும். அவளுங்க நம்ம எல்லாரையும் சேத்து வலை இழுக்குற மாதிரி இழுத்துக்கிட்டுப் போவாளுங்க."

"அந்த வாழத்தண்டு எப்ப ஆவுதுன்னு பாத்தீங்களா? இப்ப பத்து விநாடியில ஆச்சு."

"அதுக்கு?"

ஜீவிதா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மலர்கொடி அதற்கு முன் பார்த்ததில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்குகிற பெண்ணா இவள் என்று இருந்தது.

"நாம சாப்புடுற சோறு நேராப் போயி கையில வேல செய்யாது அக்கா. சோத்துல இருக்குற சத்து சர்க்கரையாகி, சதையிலயும் ஈரல்லயும் சேந்து கெடக்கும். ஆனா கை மடங்கணும், கால் நகரணும்னா சதைக்கு வேண்டியது வேற. ஏ.டி.பி.ன்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொருள். அதுக்கு மூணு கண்ணி வச்ச வால் ஒண்ணு இருக்கும். கடைசிக் கண்ணி கழண்டு விழுறப்ப உள்ள அடங்கியிருக்குற சக்தி வெளிய வரும். அதுலதான் சதை இழுக்கும். கழண்டதை மறுபடி மாட்டுனாத்தான் அடுத்த இழுப்பு."

அம்சத்துக்கு வால் என்ற சொல்லைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. "யாருக்கு வாலு?" என்றாள்.

மலர்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். கொட்டகைச் சுவரில் பஞ்சநாதன் சாத்தி வைத்திருந்த எலிக்கிட்டிகள் இருந்தன. சம்பா வயலில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் பொறி. மூங்கில் வில்லை வளைத்து நாணை இழுத்து மாட்டி வைத்தால், எலி வாயை வைத்ததும் படீரென்று விட்டடிக்கும். மலர்கொடி ஒன்றை எடுத்து வளைத்து மாட்டினாள்.

"இது மாதிரியா? இப்ப வளைச்சு மாட்டியாச்சு. உள்ள வேகம் இருக்கு. ஆனா சும்மா கெடக்கு."

"அதேதான்!"

மலர்கொடி ஒரு குச்சியால் தொட்டாள். கிட்டி படீரென்று அடித்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த குந்தவை ஒரு துள்ளு துள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், புள்ள பயந்துடப் போவுது!"

"இப்ப அடிச்சு முடிஞ்சிடுச்சு. திரும்ப வளைக்கணும்."

"ஆமாம் அக்கா! உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இப்படிக் கோடிக் கோடியா கிட்டி இருக்கு. அடிச்சிக்கிட்டே இருக்கும், வளைச்சிக்கிட்டே இருக்கணும். ஒரு நாளைக்கு வளைக்கிறது எல்லாத்தையும் எடை போட்டா கிட்டத்தட்ட நம்ம எடையே வரும்."

அம்சம் தன்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். "என் எடைக்கா? அடேயப்பா, எனக்குள்ள அவ்ளோ வேலயா நடக்குது! அதான் பசிச்சிக்கிட்டே இருக்கு."

சிரிப்பு அடங்கியதும் ஜீவிதா மீதியைச் சொன்னாள். கிட்டியைத் திரும்ப வளைப்பதற்கு உடம்பில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ஆள் கிட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பவன். சட்டென்று வளைத்துத் தருவான், ஆனால் பத்து விநாடியில் கையிருப்பு தீர்ந்துவிடும். இரண்டாவது ஆள் சர்க்கரையைக் காற்றில்லாமலே உடைத்து வளைப்பவன். அவனும் வேகக்காரன்தான், ஆனால் வேலை நடக்க நடக்கத் தொடையும் கையும் எரியத் தொடங்கும். மூன்றாவது ஆள், செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறவன். மூச்சுக் காற்று போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்வான். மெதுவானவன், ஆனால் நாள் முழுக்கச் சளைக்க மாட்டான்.

"நடவு நடுறப்ப நமக்கு வேல செய்யுறவன் இந்த மூணாவது ஆளா?" என்று மலர்கொடி கேட்டாள்.

"அவரேதான். ஆனா கயித்துக்கு வேண்டியது முதல் ஆளு. நீங்க அவர விசில் ஊதுன உடனே தீத்துடறீங்க. அவங்க நாள் பூராக் கூடை சொமந்து நடக்குறவங்க, காலு பலம். தாங்கி நின்னுட்டு, நீங்க ஓஞ்சதும் இழுத்துடறாங்க."

"அப்ப நாம என்ன செய்யுறது?"

"முதல்ல இழுக்காதீங்க. முழங்கால லேசா மடக்கி, உடம்ப மரம் மாதிரி நேரா வச்சு, பின்னால சாஞ்சு நில்லுங்க. எலும்பும் எடையும் தாங்கட்டும். சதைக்குக் கம்மியா வேல குடுங்க. மூச்ச அடக்காம விடுங்க. அவங்க இழுத்து இழுத்து ஓயட்டும். அவங்க முதல் ஆளு தீந்து, எரிச்சல் ஆரம்பிச்ச நேரத்துல, நம்ம முதல் ஆளு அப்படியே முழுசா இருப்பாரு. அப்ப இழுங்க."

மலர்கொடி கையிலிருந்த கிட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தாள். "எந்திரிங்கடி."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் எட்டுப் பெண்களும் தென்னை மரத்துக்கு எதிரே சாய்ந்து நிற்பதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். பஞ்சநாதன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "மரம் வுழுந்துடாமத் தாங்கிப் புடிக்கிறீங்களா?" என்று கேட்டான். மலர்கொடி காதில் வாங்கவில்லை. சாய்ந்து நிற்கப் பழகப் பழக அது ஒரு சுகமாகவே இருந்தது. ஜீவிதாகூட இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் கொப்புளம் வந்தபோது அதைக் கல்லூரி முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

போகிக்கு முதல் நாள் நாகம்மாள் வந்தாள். காலையில் மலர்கொடி வயலுக்குப் போயிருந்தாள். நாகம்மாள் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவள், தென்னை மரத்தில் பட்டை தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். மாடு கட்டுகிற இடம் அதுவல்ல என்பது அவளுக்குத் தெரியும். எட்டுப் பேர் கால் ஊன்றிய குழிகளையும் பார்த்தாள். கூடையிலிருந்து நல்ல கொடுவா மீனாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு நேராக மாடிப்படி ஏறினாள்.

மலர்கொடி வயலிலிருந்து திரும்பியபோது மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தாள். நாகம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜீவிதா, விடுமுறை நாளின் கசங்கிய உடையோடு, கை இரண்டையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். தரையில் சாக்பீஸால் எலிக்கிட்டிப் படம்வேறு போட்டிருந்தாள்.

"...அதனாலதான் நீங்க கூடையத் தூக்குன உடனே லேசா இருக்கு, மேட்டுல வேகமா ஏறுனா எரியுது. நின்னு நாலு மூச்சு விட்டீங்கன்னா முதல் ஆளு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப வந்துடுவாரு. ரெண்டு மூணு நிமிசத்துல முக்கால்வாசி..."

"ஓகோ," என்றாள் நாகம்மாள் மிகுந்த மரியாதையோடு. "அப்ப கயிறு இழுக்குறதுன்னு வச்சுக்குங்க, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"டீச்சர்!" என்று மலர்கொடி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த காக்கை பறந்தது.

நாகம்மாள் நிதானமாக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வா மலரு. உங்க டீச்சரு எவ்ளோ நல்லாச் சொல்லிக் குடுக்குறாங்க தெரியுமா? எனக்கு ஒண்ணாங் கிளாஸ்ல இப்படி ஒருத்தங்க கெடச்சிருந்தா நான் கலெக்டரு." சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டாள்.

மலர்கொடி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். ஜீவிதாவுக்கு அப்போதுதான் நடந்தது உறைத்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"சந்தேகம் கேட்டாங்க அக்கா," என்றாள் சிறிய குரலில். "கூடை தூக்குனா தொடை ஏன் எரியுதுன்னு. என் கிளாஸ்ல அறுபது பேரு இருக்காங்க. ஒருத்தரும் இந்த மாதிரி சந்தேகமே கேட்டதில்ல."

அதற்கு மேல் அவளைத் திட்ட மலர்கொடியால் முடியவில்லை. ஆனாலும் அன்று முழுக்க யாரோடும் பேசாமல் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவி வைத்தாள். இரவுச் சாப்பாட்டில் பஞ்சநாதன்தான் வாயைத் திறந்தான். ஜீவிதா கீழே கொடுத்துவிட்டிருந்த கொடுவாவின் குழம்பு அவனைத் தைரியசாலியாக்கியிருந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சா என்ன இப்ப? தெரிஞ்சிக்கிறது வேற, கயித்தப் புடிச்சதும் செய்யுறது வேற."

"நீங்க கொழம்ப ஊத்திக்குங்க," என்றாள் மலர்கொடி. ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் ஒட்டிக்கொண்டது.

காணும் பொங்கலன்று மைதானத்தில் இரண்டு ஊரும் திரண்டிருந்தன. உறியடி முடிந்து, கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்து முடித்துவிட்டார்கள். உரக்கடை வைரக்கண்ணு மைக்கைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். விளையாட்டு ஆசிரியர் சபரிநாதன் கயிற்றின் நடுவில் சிவப்புத் துணியைக் கட்டினார். மூன்று சுற்று. அதில் இரண்டு சுற்றை ஜெயிக்கிற ஊருக்குப் பரிசு. கயிற்றைப் பிடித்திருக்கும்போது யாராவது தரையில் உட்கார்ந்தால் முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை உட்கார்ந்தால் அந்தச் சுற்றே போயிற்று என்று விதியை வாசித்தார்.

மலர்கொடி பின்னால் திரும்பி ஏழு பேரையும் பார்த்தாள். "யாரும் இழுக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் சாஞ்சு நிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்கள் ஏழு பேரும்.

விசில் ஊதியது. இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே நேரத்தில் குலவை போட்டார்கள். பறைச் சத்தம் எழுந்தது. அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் ஒருத்தி உயிரைக் கொடுத்து இழுக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்ற எல்லோரும் இழுத்தார்கள். துணி கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தது. ஊரே கத்தியது. பிறகு கையும் காலும் வாழைத்தண்டாயின. வழக்கம் போலவே மண்ணில் தேய்ந்துகொண்டு போய் நாகம்மாளின் காலடியில் நின்றார்கள்.

"யாருடி முதல்ல இழுத்தது?" என்று மலர்கொடி மூச்சிரைக்கக் கத்தினாள்.

ஏழு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அம்சம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீதான் மலரு."

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் போயிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, தண்ணீரைக் குடித்தாள். "சரி. இந்தத் தடவ என் முந்தானைய யாராவது புடிச்சிக்குங்க."

ஜீவிதா எல்லோரையும் நிற்க வைத்து மூச்சு விடச் சொன்னாள். "அவசரப்படாதீங்க. சபரி சார் கூப்புடற வரைக்கும் விட்டு விட்டு நல்லா மூச்சு இழுங்க. முதல் ஆளு திரும்ப வரணும்." அம்சம் அவள் சொன்னதற்கும் மேலாகவே மூச்சை இழுத்து, பக்கத்தில் நின்றவர்களின் கூந்தலை ஆட்டினாள்.

இரண்டாவது விசில். இந்த முறை மலர்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு, நாகம்மாளின் நெற்றிப்பொட்டை மட்டும் பார்த்தாள். குதிகால் மண்ணில் பதிந்திருந்தது. உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் எட்டுப் பேரும் இழுத்தார்கள். ஜெயித்த சூட்டில் அவர்களுக்குத் திட்டமெல்லாம் தேவைப்படவில்லை. துணி அந்தப் பக்கம் கொஞ்சம் போயிற்று. நின்றது. மறுபடி இழுத்தார்கள். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நாகம்மாளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் மூச்சு முதலில் சீராக இருந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, பிறகு வாய் திறந்தது. அவள் முழங்கை லேசாக நடுங்குவதை மலர்கொடி பார்த்தாள்.

"இப்ப!"

எட்டுக் கிட்டிகளும் ஒன்றாக அடித்த மாதிரி இருந்தது. கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மலர்கொடிக்கு ஒரு கணம் கயிறு அறுந்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. சபரிநாதன் விசில் ஊதியபோது நாகம்மாள் அவள் மடியில் வந்து விழாத குறை.

வைரக்கண்ணுகூட மைக்கில் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு நாவல்கோட்டகம் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடக் கூரை மேலிருந்த புறாக்கள் காயல் வரைக்கும் போயிருக்கும்.

நாகம்மாள் எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. தன் ஏழு பேரையும் கூட்டி வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். பேசும்போது கையை வளைத்து எதையோ மாட்டுவது போலவும் விடுவது போலவும் காட்டினாள். மலர்கொடிக்குப் புரிந்துவிட்டது. மாடியில் கேட்ட பாடம் இப்போதுதான் அங்கே வேலைக்கு வருகிறது.

மூன்றாவது விசில் ஊதியது. குலவை, பறை, கூச்சல் எல்லாம் கிளம்பின. கயிறு விறைத்தது. அவ்வளவுதான். பதினாறு பெண்களும் இரண்டு பக்கமும் சாய்ந்தபடி நின்றார்கள். துணி நடுக்கோட்டுக்கு மேலே அசையாமல் தொங்கியது.

குலவை ஓய்ந்தது. பறை அடித்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?" என்றார் வைரக்கண்ணு மைக்கில். "போட்டி ஆரம்பிச்சாச்சுங்க. தாய்மார்கள் இழுக்கலாம்."

யாரும் இழுக்கவில்லை.

"மலரு," என்றாள் நாகம்மாள், கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து. "இழுக்க மாட்டியா?"

"நீ இழுயேன்."

"நான் எதுக்கு இழுக்கணும்? எனக்குத்தான் டீச்சரு சொல்லிக் குடுத்துட்டாங்களே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ "புகைப்படம் எடுக்கவா நிக்கிறீங்க?" என்று கத்தினார்கள். மலர்கொடிக்குத் தொடை சூடாகத் தொடங்கியிருந்தது. சாய்ந்து நிற்பது சுகம்தான், ஆனால் எதிரே இருப்பது தென்னை மரமல்ல. அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஜீவிதாவின் குரல் கேட்டது.

"அக்கா... என் கிட்டியெல்லாம் காலி."

"இன்னும் கொஞ்சம் தாங்குங்க டீச்சர்."

"இல்லக்கா, நிசமாவே..."

அதற்குள் ஜீவிதாவின் கால் வழுக்கியது. கயிற்றை விடாமல், கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, தொப்பென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சபரிநாதன் கையைத் தூக்கினார். "நாவல்கோட்டகம், முதல் எச்சரிக்கை!"

மணல்திட்டுக்காரிகள் அதைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது. "இழுடி!" என்று அங்கே ஒருத்தி கத்த, நாகம்மாள் "வேணாம், நில்லுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பின்னாலிருந்த ஏழு பேரும் உயிரைக் கொடுத்து இழுக்க ஆரம்பித்தார்கள். நாகம்மாள் வேறு வழியில்லாமல் சேர்ந்து இழுத்தாள். துணி மணல்திட்டுப் பக்கம் ஓடியது. மலர்கொடி குதிகாலை ஊன்றினாள். அம்சம் இடுப்புக் கயிற்றோடு அப்படியே ஒரு நெற்குதிர் போல நின்றாள். ஜீவிதா உட்கார்ந்தவாறே காலை நீட்டி முட்டுக் கொடுத்ததில் அவள் காலடியில் மண் குவிந்தது. துணி அவர்களுடைய வெற்றிக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

மலர்கொடி நாகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாய் திறந்தது.

"டீச்சர எழுப்புங்கடி!" என்றாள் மலர்கொடி. பின்னால் நின்றவள் ஜீவிதாவைத் தோளோடு முட்டித் தூக்கி நிறுத்தினாள். "இப்ப!"

நாகம்மாளின் அணி முழுவதும் ஒரே வரிசையாக இழுபட்டு வந்தது. ஜீவிதா இரண்டடி நடந்து, மறுபடி வழுக்கி, ஆனால் உட்காராமல் பின்னால் நின்றவளின் மேல் சாய்ந்து, மண் பூசிய கண்ணாடியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். விசில் ஊதியது. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பதினாறு பேரும் ஒரு குவியலாக விழுந்து கிடந்தார்கள்.

குவியலுக்குள்ளிருந்து முதலில் எழுந்த குரல் நாகம்மாளுடையது. "டீச்சரு வேணும்னேதான் வுழுந்தாங்க! எங்கள இழுக்க வைக்கிறதுக்கு நாடகம்!"

"அய்யய்யோ, இல்லிங்க!" என்றாள் ஜீவிதா. "நிசமாவே கால் வழுக்கிடுச்சு!"

"பாத்தியா, எவ்ளோ நல்லா நடிக்கிறாங்க!"

யாரும் ஜீவிதாவை நம்பவில்லை. மணல்திட்டு நம்பவில்லை, நாவல்கோட்டகமும் நம்பவில்லை. உட்கார்ந்து ஜெயித்த டீச்சர் என்று வைரக்கண்ணு மைக்கில் நாலு தடவை சொன்னார். பரிசாக வந்த பெரிய பித்தளை அண்டாவை அம்சம் ஒருத்தியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம் போனாள். மலர்கொடி அவளுக்குப் பின்னால் நடந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கன்னம்தான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

மறுநாள் அப்படியில்லை. மறுநாள் எல்லாமே வலித்தது. மலர்கொடியால் கையை உயர்த்தித் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. வாசலில் நாகம்மாளின் குரல் கேட்டு வெளியே வந்தால், அவள் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கூடையத் தூக்க முடியல மலரு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது."

இருந்தாலும் உட்கார்ந்தாள். மாடியிலிருந்து ஜீவிதா ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு முனகலாக இறங்கி வந்து அவர்கள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்று பேரும் காலை நீட்டிக்கொண்டார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றாள் நாகம்மாள். "நேத்து எரிஞ்சுது, சரி. அது அப்பவே போயிடுச்சு. இன்னிக்கு வலிக்குதே, இது வேறயா?"

ஜீவிதாவின் கை, வலியையும் மறந்து, மேலே எழும்பியது. "நல்ல கேள்விங்க! இது வேறதான். எரிஞ்ச நேரத்துல சேந்தது ஒரு மணி நேரத்துல போயிடும். இது சதை நாரு பொடிப் பொடியாக் கிழிஞ்சதுனால. அதச் சரி பண்ணித் திரும்ப வளர்த்துக்கும், முன்னைவிடக் கெட்டியா..."

"முன்னைவிடக் கெட்டியாவா?" நாகம்மாளின் கண் மலர்கொடியின் பக்கம் ஒருமுறை ஓடிவிட்டுத் திரும்பியது. "அப்ப அடுத்த வருசத்துக்கு என்ன சாப்புடணும்னு சொன்னீங்கன்னா..."

"டீச்சர்," என்றாள் மலர்கொடி எச்சரிக்கும் குரலில். எழுந்து போய் ஜீவிதாவின் வாயைப் பொத்தத்தான் நினைத்தாள். ஆனால் அவள் கால் ஒத்துழைக்கவில்லை. தவிர, என்ன சாப்பிட வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்னங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மூணு டீ போடுங்க. எங்களால எந்திரிக்க முடியல."

உள்ளே பஞ்சநாதன் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. ஜீவிதா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, முட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.